படத்தில் விடுபட்ட உயிர்

நுழையும்முன்

இயற்கையைப் புரிந்துகொள்வதற்காக அதன் சிறுவடிவத்தைப் படமாகவும் கணக்காகவும் கண்ணாடிக் கூடமாகவும் மனிதர் ஆக்கிப் பார்த்திருக்கின்றனர். அம்மாதிரிகளுள் சில, கண்ணுக்குப் புலப்படாத உண்மைகளைக் காட்டின. ஒன்று, ஒரு கடலின் மீன்வளம் அழியத் துணைபோயிற்று. மாதிரிகளை எந்த அளவு நம்புவது, எந்த இடத்தில் ஐயுறுவது என்பது குறித்த கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

தொடக்கப்பள்ளி நாள்முதல் நாம் வரைந்து பழகிய படம் ஒன்று உண்டு. புல்லை வெட்டுக்கிளி தின்னும். வெட்டுக்கிளியைத் தவளை விழுங்கும். தவளையைப் பாம்பும் பாம்பைக் கழுகும் இரையாக்கும். ஐந்து உயிர்கள், நான்கு அம்புக்குறிகள். உணவுச்சங்கிலி என்னும் பெயரில் அப்படம் நம் நினைவில் பதிந்துவிட்டது. அதில் சொல்லப்பட்டவை யாவும் உண்மையே. ஆயினும், அந்தப் புல்வெளியை உழுபவர் அதில் இல்லை. பூச்சிமருந்து தெளிப்பவர் இல்லை. புல்வெளியை விலைக்கு வாங்கி மனை பிரிப்பவரும் இல்லை. உலகில் பிற உயிர்களின் வாழ்வை மிகுதியாக மாற்றும் உயிர் எதுவோ, அவ்வுயிர் மட்டும் படத்திலிருந்து விடுபட்டிருக்கிறது.

இவ்விடுபாட்டைச் சிறு குறை எனக் கடந்துவிடுதல் கூடாது என்பது என் கருத்து. சூழல் மண்டலத்தை அறிய மாதிரிகள் கட்டாயம் வேண்டும். ஆனால், மனிதரை வெளியே நிறுத்திவிட்டு வரையப்படும் மாதிரி, நம்பியவரைக் கைவிடும். உலக வரலாற்றில் மெய்யாகவே நடந்த சில நிகழ்வுகள் இதற்குச் சான்று பகர்கின்றன.

மாதிரி என்பது யாது?

உயிர்கள், அவை வாழும் நிலம், நீர், காற்று, வெயில் ஆகிய அனைத்தையும் ஒரே தொகுதியாகக் கருத வேண்டும் என்னும் எண்ணத்தை முன்வைத்து, 1935ஆம் ஆண்டில் சூழல் மண்டலம் என்னும் சொல்லை அறிமுகப்படுத்தியவர் ஆர்தர் டான்ஸ்லி என்னும் ஆங்கிலேயத் தாவரவியலாளர். ஊர்க்குளம் ஒன்றை எண்ணிப்பாருங்கள். வெயிலை உண்டு பாசி வளர்கிறது. பாசியை நுண்ணுயிரிகள் உண்கின்றன. அவற்றைச் சிறுமீன்களும், சிறுமீன்களை விராலும் மீன்கொத்தியும் உண்கின்றன. மடிந்தவற்றை எல்லாம் பாக்டீரியாக்கள் சிதைத்து மீண்டும் பாசிக்கு உரமாக்குகின்றன. இவற்றுள் ஒன்றைத் தொட்டாலும் மற்றவை அசைகின்றன. எது எவ்வளவு அசையும் என்று கேட்டால் சொற்களால் மட்டும் விடை கூற இயலாது. அங்கேதான் மாதிரி தேவைப்படுகிறது.

மாதிரி என்பது நிலவரைபடம் போன்றது. ஊரின் வரைபடத்தில் தெருக்கள் உண்டு. தெருவோர வேப்பமரங்கள் இல்லை. எல்லாவற்றையும் காட்ட முற்பட்டால் வரைபடம் ஊரளவு பெரிதாகிவிடும். அதனால் பயனும் இராது. ஆகவே, சிலவற்றை விட்டுவிடுதல் மாதிரியின் குறையன்று, இயல்பு. எதை விட்டோம் என்பதை மறந்துவிடுதலே குறை. வழிகாட்டும் வரைபடத்தில் ஆற்றை விட்டுவிட்டால், அதை நம்பி நடப்பவர் கரையில் திகைத்து நிற்க நேரிடும்.

போர் நிறுத்திய வலைகள்

முதலில், மாதிரியின் பெருமையைக் காண்போம். இத்தாலிக்குக் கிழக்கே உள்ள அட்ரியாட்டிக் கடலின் மீன்சந்தைகளில் பதிவான கணக்குகளை உம்பர்ட்டோ டான்கோனா என்னும் உயிரியலாளர் ஆராய்ந்தார். பியூமே துறைமுகத்தில் 1914ஆம் ஆண்டில் பிடிபட்ட மீன்களுள் சுறா, திருக்கை முதலிய கொன்றுண்ணி மீன்களின் பங்கு 11.9 விழுக்காடு. முதல் உலகப்போர் மூண்டது. கடலில் மீன்பிடித்தல் பெரிதும் குறைந்தது. 1918ஆம் ஆண்டில் அப்பங்கு 36.4 விழுக்காடாக உயர்ந்தது. போர் முடிந்து வலைகள் மீண்டும் கடலில் இறங்கின. 1923ஆம் ஆண்டில் அது 10.7 விழுக்காடாகத் தாழ்ந்தது.

மீன்பிடிப்பு குறைந்தால் எல்லா மீன்களும் ஒருங்கே பெருக வேண்டும் அல்லவா? கொன்றுண்ணிகளின் பங்கு மட்டும் கூடியது ஏன்? டான்கோனா இவ்வினாவைக் கணித அறிஞர் வீட்டோ வோல்டெராவிடம் வைத்தார். வோல்டெரா 1926ஆம் ஆண்டில் இரண்டே சமன்பாடுகளில் விடை கண்டார். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லோட்கா என்பவரும் தனியே இதே சமன்பாடுகளை எட்டியிருந்தமையால், இன்று இது இருவர் பெயராலும் வழங்குகிறது.

அதன் கருத்தை எளிய சொற்களில் கூறலாம். இரை உயிர் தானாகப் பெருகும். கொன்றுண்ணியைச் சந்திக்கும்போது குறையும். கொன்றுண்ணி தானாகத் தேயும். இரையைச் சந்திக்கும்போது பெருகும். இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் வியப்பான முடிவு ஒன்று கிடைக்கிறது. கடலில் இருக்கும் இரையின் சராசரி அளவை முடிவு செய்வது கொன்றுண்ணியின் இறப்பு வீதம். கொன்றுண்ணியின் சராசரி அளவை முடிவு செய்வது இரையின் பெருக்க வீதம். மனிதர் வலைவீசி இரண்டையும் பிடிக்கும்போது கொன்றுண்ணியின் இறப்பு வீதம் கூடுகிறது. அதனால் இரையின் சராசரி உயர்கிறது. இரையின் பெருக்க வீதம் குறைகிறது. அதனால் கொன்றுண்ணியின் சராசரி தாழ்கிறது. வலைகள் நின்றால் இது தலைகீழாகும். போர்க்காலத்தில் சுறாக்கள் மிகுந்தமைக்கு இதுவே விளக்கம்.

இம்மாதிரியில் குறைகள் பல. இரைக்கும் உணவு வேண்டும் என்பதை அது கருதவில்லை. இரண்டு வகை உயிர்களுக்கு மேல் அது அறியாது. எனினும், அது தொட்ட வினாவுக்குள் மனிதரின் வலை இருந்தது. அதனால்தான் அது பயன்பட்டது.

வயலில் அதே கணக்கு

இக்கணக்கு கடலோடு நிற்கவில்லை. மீனுக்குப் பதிலாகப் பூச்சியையும் வலைக்குப் பதிலாகப் பூச்சிமருந்தையும் வைத்துப் பாருங்கள். நெற்பயிரைத் தாக்கும் புகையான் இரை. அதைத் தின்னும் சிலந்தியும் பிற நன்மை செய்யும் பூச்சிகளும் கொன்றுண்ணிகள். இரண்டையும் ஒருசேரக் கொல்லும் மருந்தைத் தெளித்தால் நாளடைவில் மிகுவது எது? வோல்டெராவின் கணக்குப்படி, மிகுவது புகையான்.

இந்தோனேசிய உழவர் இதைத் தம் வயலில் கண்டனர். மருந்து தெளிக்கத் தெளிக்கப் புகையான் பெருகி, விளைந்த நெல் கருகியது. 1986ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு, நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. மருந்துக்கு அளித்துவந்த மானியத்தையும் படிப்படியாக நீக்கியது. பின்னர், உழவர் தம் வயலிலேயே கூடி, எது பகைப்பூச்சி, எது நட்புப்பூச்சி என்று எண்ணிப் பழகும் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. தடையால் நெல் விளைச்சல் சரிந்துவிடவில்லை. கையில் இருக்கும் கருவியைக் கொண்டு மேலும் மேலும் அடிப்பதைக் காட்டிலும், அடி எங்கே விழுகிறது என்று பார்ப்பது மேலானது என்பதை அந்நாடு கற்றுக்கொண்டது.

வெறுமையான கடல்

இனி, மாதிரி வழிதவறிய இடத்துக்கு வருவோம். கனடாவின் கிழக்குக் கரையில் நியூஃபவுண்ட்லாந்து என்னும் பெருந்தீவு உள்ளது. அதன் அருகிலுள்ள ஆழம் குறைந்த கடற்பரப்பு, காட் என்னும் மீனுக்குப் பெயர்பெற்றது. 1497ஆம் ஆண்டில் ஜான் கபோட்டின் கப்பல் அங்குச் சென்றபோது, கூடையை நீரில் இறக்கினாலே மீன் கிடைத்ததாகச் செய்தி பரவியது. அதன்பின் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவுக்கு உப்பிட்ட மீனை அக்கடல் வழங்கியது. கரையோரச் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாக அதுவே பிழைப்பு.

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பெரும் இழுவைக் கப்பல்கள் வந்தன. பிடித்த மீனைக் கப்பலிலேயே பதப்படுத்தி உறையவைக்கும் வசதி அவற்றில் இருந்தது. 1968ஆம் ஆண்டில் மட்டும் 8,00,000 டன்னுக்கும் மேற்பட்ட காட் மீன் பிடிக்கப்பட்டது. 1977ஆம் ஆண்டில் கனடா தன் கடல் எல்லையை 200 கடல்மைல் வரை விரித்து, அயல்நாட்டுக் கப்பல்களைப் பெரும்பாலும் விலக்கியது. இனி அறிவியல் முறைப்படி மீன் இருப்பைக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் எவ்வளவு பிடிக்கலாம் என அளவு நிறுவுவோம் என்று அந்நாடு முடிவு செய்தது. நோக்கம் நல்லதே, மாதிரியும் அக்காலத்துக்கு ஏற்ற திறமானதே.

பிழை, அம்மாதிரிக்கு ஊட்டப்பட்ட அளவுகளில் இருந்தது. இழுவைக் கப்பல்கள் ஒரு மணி நேரம் வலை இழுத்தால் எவ்வளவு மீன் கிடைக்கிறது என்பது கடலில் எவ்வளவு மீன் உள்ளது என்பதற்குரிய முக்கியமான அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. அந்த அளவு குறையவில்லை. ஆகவே, மீன் வளம் நன்றாக உள்ளது எனக் கணக்குக் கூறிற்று.

கோடையில் வற்றும் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இக்கணக்கின் பிழை எளிதில் விளங்கும். நீர் வற்ற வற்ற, எஞ்சிய மீன்கள் கடைசிப் பள்ளத்தில் திரளும். அப்பள்ளத்தில் ஊத்தாவைப் போட்டால், போடும்போதெல்லாம் மீன் அகப்படும். அதைக் கண்டு ஏரி நிறைய மீன் இருப்பதாகச் சொல்லலாகுமா? காட் மீனும் எண்ணிக்கை குறையக் குறைய ஓரிடத்தில் திரண்டது. கப்பல்களோ, ஒலியலைக் கருவியால் அத்திரளைத் தேடிக் கண்டுபிடித்தன. மீன் குறைந்தது; மீனவரின் திறன் கூடியது. மாதிரி மனிதரை மாறாத பொருளாகக் கருதியமையால், மனிதரின் திறன் கூடியதை மீன் கூடியதாக எண்ணிக்கொண்டது.

உண்மையை முன்னரே உணர்ந்தவர்கள் இருந்தனர். கரையோரம் சிறுபடகில் ஒரே இடத்தில் ஆண்டுதோறும் பொறிவைத்துப் பிடித்த மீனவர்கள், மீன் குறைகிறது, கிடைப்பதும் சிறுத்துவிட்டது என்று 1980களிலேயே கூறினர். மீனைத் தேடிச் செல்லாமல், தம்மிடம் வரும் மீனை மட்டும் பிடித்தவர்கள் அவர்கள். ஆகவே, அவர்களுடைய வலைதான் கடலின் நிலையைச் சரியாக அளந்தது. ஆனால், அவ்வளவு கணக்கில் உரிய இடம் பெறவில்லை.

பின்னர், அறிவியலாளர் தம் கணக்கைத் திருத்தினர். 1989ஆம் ஆண்டுக்குரிய பிடிப்பளவை 1,25,000 டன்னாகக் குறைக்க வேண்டும் என்னும் கணிப்பு அரசின்முன் வந்தது. வேலை இழப்பை அஞ்சிய அரசு 2,35,000 டன் பிடிக்க இசைந்தது. மூன்று ஆண்டுகளில் முடிவு வந்தது. 1992 ஜூலை 2 அன்று காட் மீன்பிடிப்பு முற்றிலும் நிறுத்தப்பட்டது. முட்டையிடும் பருவத்து மீன்களின் இருப்பு, முன்னிருந்ததில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. அவ்வாண்டுகளில் கடல்நீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்ததும் ஒரு காரணம் என்பர். ஆயினும், அளவிறந்த பிடிப்பே முதன்மைக் காரணம் என்பதில் பெரும்பாலோர் உடன்படுகின்றனர். ஏறத்தாழ 30,000 பேர் ஒரே நாளில் வேலை இழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு என்று விதிக்கப்பட்ட தடை, முழுமையாக விலக்கப்பட்டது 2024ஆம் ஆண்டில்தான். அப்போதும் இசைவளிக்கப்பட்ட அளவு 18,000 டன் மட்டுமே.

வேலையைக் காப்பதற்காக மீனைப் பிடித்தார்கள். மீனும் போயிற்று, வேலையும் போயிற்று. வாழ்வாதாரமா, இயற்கையா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி வாதிடுவோர் இந்நிகழ்வை எண்ணிப்பார்க்க வேண்டும்.

தெரியுமா?
தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்களின் இனப்பெருக்கக் காலத்தைக் கருதி விதிக்கப்படும் தடைக்காலம் இது.

நூற்றில் ஒன்றுக்கும் குறைவு

மாதிரி, களஆய்வு, சட்டம் ஆகிய மூன்றும் கைகோத்தால் என்ன நிகழும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பாறு என்பது பிணந்தின்னிக் கழுகின் பழந்தமிழ்ப் பெயர். இறந்த கால்நடைகளை உண்டு ஊரைத் தூய்மையாக வைத்திருந்த பறவை அது. 1990களில் இப்பறவைகள் இந்தியாவெங்கும் மடியத் தொடங்கின. 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறு என்னும் இனம் ஆயிரத்தில் ஒன்று என்னும் அளவுக்கு அருகிவிட்டது. உண்ண ஆளின்றிக் கிடந்த பிணங்களைத் தின்று தெருநாய்கள் பெருகின.

நோயா, நஞ்சா, இரைக் குறைவா என ஆய்வாளர் தேடினர். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு ஒன்று 2004ஆம் ஆண்டில் காரணத்தைக் கண்டறிந்தது. கால்நடைகளின் வலியையும் வீக்கத்தையும் தணிக்கத் தரப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் உடலில் எஞ்சியிருக்கும்போது அதைத் தின்னும் பாறுவின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. மாட்டுக்கு மருந்தானது, பறவைக்கு நஞ்சாயிற்று.

உடனே ஓர் ஐயம் எழுந்தது. எல்லா மாடுகளுக்குமா இம்மருந்து கொடுக்கப்படுகிறது? இவ்வளவு பெரிய அழிவை அது ஒன்றே விளைவித்திருக்குமா? இவ்வையத்துக்கு விடை தந்தது கணித மாதிரிதான். பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். இனப்பெருக்கம் செய்யும் வயதை எய்தப் பல ஆண்டுகள் ஆகும். எனவே, இறப்பு வீதம் சிறிது கூடினாலும் பிறப்பு அதை ஈடுசெய்ய இயலாது. மேலும், ஒரே பிணத்தைப் பல பறவைகள் கூடி உண்ணும். இவற்றைக் கணக்கில் கொண்டபோது, இறந்த கால்நடைகளுள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் நஞ்சு இருந்தாலே இவ்வழிவு நேரும் என்று மாதிரி காட்டியது.

மனிதர் செய்யும் சிறு செயல் ஒன்று, ஒரு பேரினத்தை வீழ்த்தப் போதுமானதாக இருந்தது. அதைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர்; நோயுற்ற மாட்டின்மீது இரக்கம் கொண்டவர்கள். கேடு நினையாதவர் செயலாலும் கேடு விளையலாம் என்பதனாலேயே மாதிரிகள் நமக்குத் தேவைப்படுகின்றன.

2006ஆம் ஆண்டில் இந்தியா கால்நடைகளுக்கான டைக்ளோபினாக் தயாரிப்பைத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாடுகளுக்குத் திருப்பிவிடப்படுவதைத் தடுக்க, 2015ஆம் ஆண்டில் ஒருவேளை மருந்தளவுக் குப்பிகளுக்கு மட்டுமே இசைவு அளிக்கப்பட்டது. பாறுவுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்னும் மாற்று மருந்தும் உண்டு. நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் கூடுகட்டி வாழ்கின்றன. இழந்த எண்ணிக்கை மீள நெடுங்காலம் ஆகும். ஆயினும், அழிவின் காரணத்தை அறிந்து தடுக்க முடிந்தது பெரும்பேறு.

கண்ணாடிக்குள் ஓர் உலகம்

படமும் கணக்கும் போதா என்று எண்ணி, மாதிரியைக் கட்டியே பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஏறத்தாழ மூன்று ஏக்கர் பரப்பில் கண்ணாடியாலும் எஃகாலும் அடைக்கப்பட்ட கூடம் ஒன்று எழுந்தது. அதனுள் மழைக்காடு, சிறுகடல், சதுப்புநிலம், பாலை, விளைநிலம் ஆகிய யாவும் அமைக்கப்பட்டன. பூமியே முதல் உயிர்க்கோளம் என்பதால் இதற்கு ‘பயோஸ்பியர் 2’ எனப் பெயரிட்டனர். 1991 செப்டம்பர் 26 அன்று எண்மர் உள்ளே நுழைய, கதவு மூடப்பட்டது. ஈராண்டுகள் வெளியுலகின் காற்றும் உணவும் இன்றி வாழ்வது அவர்களின் நோக்கம்.

நாளடைவில் உள்ளிருந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. காற்றில் 20.9 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன், 14 விழுக்காட்டை நெருங்கித் தாழ்ந்தது. விளைச்சலுக்காக மிகுதியாக இட்ட கரிமச்சத்துள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் பெருகி, ஆக்சிஜனை உறிஞ்சிக் கார்பன் டை ஆக்சைடை வெளியிட்டன. அவ்வாறாயின், கார்பன் டை ஆக்சைடு அதற்கேற்ப மிகவில்லையே என்று வியந்தனர். கட்டடத்தின் கான்கிரீட் அதை ஈர்த்துக்கொண்டது பின்னரே தெரியவந்தது. சுவரும் சூழல் மண்டலத்தின் உறுப்பாகும் என எவரும் எண்ணியிருக்கவில்லை. மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகள் அழிந்தன. எறும்புகளும் கரப்பான்களும் பெருகின. 1993ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தப்பட்டது.

இதனைத் தோல்வி என்று எள்ளுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. எட்டுப் பேருக்கு மூச்சுக்காற்றை அளிப்பதற்கு எத்தனை ஆயிரம் கண்காணா உயிர்கள் அளவறிந்து உழைக்க வேண்டும் என்பதை அக்கூடம் மெய்ப்பித்தது. பெரும்பொருள் செலவிட்டும் வல்லுநர் பலர் கூடியும் செய்ய இயலாத அப்பணியைக் காடும் கடலும் மண்ணும் கூலியின்றிச் செய்துவருகின்றன. ஒரு காட்டை அழித்துவிட்டு வேறோர் இடத்தில் மரம் நட்டு ஈடுசெய்வோம் என்று எளிதாகக் கூறுவோர்க்கு இக்கண்ணாடிக் கூடம் விடை சொல்லும். நட்ட மரங்களை எண்ணலாம். காட்டை அவ்வாறு எண்ணிவிட முடியாது.

இரு மறுப்புகள்

இக்கருத்துகளைக் கேட்போர் இருவகையாக மறுக்கக்கூடும். முதல் மறுப்பு: மாதிரிகள் பிழைபடுகின்றன என்றால் அவற்றை ஏன் நம்ப வேண்டும்? பட்டறிவே போதுமே! பட்டறிவு அருமையானதே. ஆயினும், பாறு மடிந்ததைக் கண்ட ஊரார் பலர் இருந்தும், நூற்றில் ஒன்றுக்கும் குறைவான நஞ்சு அதற்குப் போதும் என்பதை வெறுங்கண்ணால் எவரும் கண்டிருக்க இயலாது. கரையோர மீனவரின் பட்டறிவும் அறிவியலாளரின் கணக்கும் ஒரே மேசையில் வைக்கப்பட்டிருந்தால் நியூஃபவுண்ட்லாந்தின் கதை வேறாக இருந்திருக்கலாம். ஒன்றை விட்டு ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிய தேவை இல்லை.

இரண்டாம் மறுப்பு: கேடு உறுதியாக மெய்ப்பிக்கப்படும்வரை தொழிலையும் வளர்ச்சியையும் நிறுத்தலாகுமா? இது எளிதில் தள்ளத்தக்க வினா அன்று. தொழில் இல்லையேல் குடும்பங்கள் வாடும். ஆனால், தவறும்போது நேரும் இழப்பு இருபுறமும் ஒத்ததன்று. தேவையின்றி ஓராண்டு குறைவாக மீன்பிடித்தால் ஓராண்டு வருவாய் குறையும். அடுத்த ஆண்டு அதை ஈட்டிக்கொள்ளலாம். அளவு மீறிப் பிடித்துவிட்டால் முப்பது ஆண்டுகள் காத்திருந்தும் இழந்தது மீளாது. மீளக்கூடிய இழப்பையும் மீளாத இழப்பையும் ஒரே தராசில் நிறுப்பது நேர்மையன்று. ஐயம் உள்ள இடத்தில் இயற்கையின் பக்கம் சாய்வதே அறிவுடைமை.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, எந்தச் சூழல் மாதிரியைக் கண்டாலும் மூன்று வினாக்களை எழுப்பக் கற்றுக்கொள்ள வேண்டும். இம்மாதிரி எதை விட்டுவிட்டது? இதற்கு அளவுகளைத் தந்தவர் யார், கேட்கப்படாதவர் யார்? கணக்குப் பிழைத்தால் இழப்பு எவரைச் சாரும்? இவற்றைக் கேட்பதற்கு உயர்கணிதம் தேவையில்லை; கூர்ந்து பார்க்கும் பழக்கம் போதும்.

இவ்வினாக்கள் தேர்வுக்கு உரியன என்று எண்ணிவிட வேண்டா. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்கள் பலவற்றுக்கு இசைவளிக்கும்முன் அவற்றால் விளையும் தாக்கத்தை அறிக்கையாக வெளியிட வேண்டும். மக்களின் கருத்தையும் கேட்க வேண்டும். ஆலையின் புகை எவ்வளவு தொலைவு பரவும், நிலத்தடி நீர் எவ்வளவு தாழும் என்று அவ்வறிக்கைகள் கூறுவன எல்லாம் மாதிரிகளின் முடிவுகளே. அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் கிடைக்க வேண்டும்; கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள்கள் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பன விதிகள். அக்கூட்டங்களில் பெரியவர்கள் பலர் தம் அச்சத்தை உரக்கச் சொல்வர். அறிக்கையின் கணக்கைப் படித்துப் பார்த்து, கோடையில் மட்டும் அளந்தீர்களே, மழைக்காலத்தில் அளந்தீர்களா, எங்கள் ஊர் மீனவரையும் ஆடு மேய்ப்பவரையும் கேட்டீர்களா என்று வினவுவோர் சிலரே.

அச்சத்தைக் கேட்டுவிட்டுக் கடந்துபோக முடியும். தெளிவான வினாவுக்கோ விடை சொல்லியாக வேண்டும். அத்தகைய வினாவைத் தமிழில், எழுத்தில், உரிய காலத்துக்குள் முன்வைக்கும் திறன் பதினொன்றாம் வகுப்பில் பயிலும் ஒருவருக்கு இயலாத ஒன்றன்று. உங்கள் வட்டாரத்தில் அடுத்த அறிக்கை வெளியாகும்போது அதன் சுருக்கத்தை வாங்கிப் படியுங்கள். எழுதப்பட்டவற்றைப் புரிந்துகொண்டபின், எழுதாமல் விடப்பட்டவர்கள் எவரெவர் என்று தேடுங்கள். அவர்களுள் உங்கள் ஊராரும் இருக்கக்கூடும்.